சண்முகத்தாயின் காமா பொட்டு

கண்ணைக் கட்டிவிட்டு மேசைமேல் நூறு துணி மடிப்பை வைத்தாலும் சண்முகத்தாய் அக்கா விரலாலேயே எண்ணி முடித்துவிடுவார். எண்ணும்போதே, எழுபத்திரண்டாவதில் ஒரு பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லுவார். ராஜபாளையத்தில் ஆபரேஷனுக்கான பேண்டேஜ் துணி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருடையது கடைசி மேசை. நெய்து, வெளுத்து, காயவைத்து, வெட்டி, மடித்து வரும் துணி அந்த மேசையைத் தாண்டினால்தான் பெட்டிக்குள் போகும். நூற்றுக்குப் பத்து எடுத்துப் பார்ப்பார். பத்தில் ஒன்று சரியில்லை என்றால் நூறும் திரும்பிப் போகும். முதலாளி நவநீதகிருஷ்ணன் நேரில் வந்து, "லாரி நிக்குது, விடு சம்முகத்தாயி" என்றாலும் நடக்காது.

"நிக்கட்டும் மொதலாளி. லாரிக்கு என்ன காலா வலிக்குது?"

அதே தொழிற்சாலையின் ஆபீஸ் அறையில் நான் இருந்தேன். பெயர் வஞ்சுளவல்லி. வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகளுக்கு ஆங்கிலத்தில் காகிதம் தயார் செய்வதும், வரும் ஆங்கிலக் கடிதங்களை முதலாளிக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். பிளஸ் டூ வரை தமிழில் படித்தேன். பி.எஸ்ஸி. இயற்பியலை ஆங்கிலத்தில் படித்தேன். இரண்டு மொழி தெரிந்தும் இரண்டிலும் வாய் திறக்க மாட்டேன் என்பதுதான் என் தனித்தகுதி. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போனால், டிரைவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு மொழியிலும் அமைத்துப் பார்ப்பேன். அது திருப்தியாக அமைவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். இறங்கித் திரும்பி நடப்பேன்.

சண்முகத்தாய் அக்காவுக்கு நேர் எதிர்க்குணம். சேத்தூருக்குப் பக்கத்தில் தேவதானம் அவர் ஊர். கணவர் பால்ச்சாமி டிராக்டர் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசுவார் என்றும், அதில் ஆறு வண்டியோடு என்றும் அக்காவே சொல்லுவார். கல்யாணமாகிப் பதினேழு வருடம். நடுவில் ஒருமுறை உண்டாகி, மூன்றாம் மாதத்தில் கலைந்து போனது. அதற்குப் பிறகு இல்லை. யாராவது, "எத்தன பிள்ளைக?" என்று கேட்டால், "எண்ணிக்கிட்டிருக்கேன், முடிச்சிட்டுச் சொல்லுதேன்" என்பார். கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். அந்தப் பதிலுக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்ததில்லை.

எங்கள் பெட்டிகள் ஒட்டி மூடப்பட்ட பிறகு லாரியில் வெளியூர் போகும். அங்கே ஓர் ஆலையில் காமா கதிரைப் பாய்ச்சி, உள்ளே இருக்கும் துணியில் ஒரு கிருமிகூட மிஞ்சாமல் செய்து திருப்பி அனுப்புவார்கள். எந்தப் பெட்டி போய் வந்தது, எது போகவில்லை என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின்மேலும் ஒரு சின்ன மஞ்சள் வட்டம் ஒட்டுவோம். கதிர் பட்டதும் அது சிவந்துவிடும். அச்சு அசல் ஸ்டிக்கர் பொட்டு மாதிரியே இருப்பதால் பெண்கள் அதைக் காமா பொட்டு என்றார்கள். "என் மாமியா நெத்தியில ஒண்ணு ஒட்டி அனுப்பி வையி, கிருமி போகட்டும்" என்பது மடிப்பு மேசையில் நிரந்தரமான நகைச்சுவை.

2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்து, கடலோர அணுமின் நிலையம் வெடித்தது. டிவியில் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தலைமுதல் கால்வரை ஒரு கருவியை நீட்டி அளந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தெற்கே கூடங்குளத்திலும் ஒரு நிலையம் கட்டி முடிக்கும் நிலையில் இருந்ததால், ஜப்பான் எங்களுக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. செல்போனில் மெசேஜ் மேல் மெசேஜ் வந்தது. மழையில் நனையாதே, கழுத்தில் அயோடின் தடவு. வானத்தில் மேகமே இல்லாத பங்குனி வெயிலில், மடிப்பு மேசை ஜாஸ்மின் அக்கா கழுத்து முழுக்க டிஞ்சர் பூசிக்கொண்டு மஞ்சளும் பழுப்புமாக வேலைக்கு வந்தார்.

அந்த வாரம்தான் கதிர் பாய்ச்சிய பெட்டிகளோடு லாரி திரும்பி வந்தது. ஒருவரும் இறக்க வரவில்லை.

"அங்க வெடிச்சதும் கதிரு, இங்க பாய்ச்சுறதும் கதிரு" என்றார் ஜாஸ்மின் அக்கா. "சோலிக்கு வச்சுக்கிட்டா மட்டும் வெசம் போயிருமா?"

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ ஃபிசிக்ஸ்தானம்மா? போய் ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லு."

ஃபிசிக்ஸ்தான். ஆனால் கதிரியக்கம் கடைசிப் பாடம். பரீட்சையில் அதை நான் சாய்ஸில் விட்டுவிட்டேன். இதை முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கான வாக்கியம் அமையவில்லை. அதற்குப் பதிலாக அறைக்குள் உட்கார்ந்து ஒரு அறிவிப்பு எழுதினேன். "பணியாளர்கள் தேவையற்ற அச்சத்தைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். சுவரில் ஒட்டினேன். அச்சம் நிஜமாகவே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆபீஸில் இருந்து காகிதம் வந்திருக்கிறது என்றால் விஷயம் பெரியது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

சண்முகத்தாய் அக்கா மட்டும் நேராக என் அறைக்கு வந்தார். "பாப்பா, காயிதம் கெடக்கட்டும். வயித்துல பிள்ளையோட யாராவது அந்தப் பெட்டியத் தொட்டா? அப்படி ஒருத்தி இருந்தான்னு வச்சுக்கோ. அவளுக்கு என்ன சொல்லுவ?"

தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மொத்தமே மூன்று வார்த்தை. ஆனால் அந்த நேரத்தில் என் கண் மேசைமேல் இருந்த பொட்டு ரோலில் விழுந்தது. பேசாமலே தப்பிக்க ஒரு வழி கிடைத்த மகிழ்ச்சியில் நான் ஏறக்குறைய சிரித்தேன்.

"இத ஆளுக்கு ஒண்ணு ஐடி கார்டுல ஒட்டிக்கோங்கக்கா. கதிர் பட்டா செவந்துரும். மஞ்சளா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பயமில்ல."

அரை மணி நேரத்தில் நாற்பது பேர் கழுத்திலும் மஞ்சள் பொட்டு தொங்கியது. பெட்டிகள் இறங்கின. "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்" என்று முதலாளி ஒரு காபி வரவழைத்துத் தந்தார். அன்று மாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரு தொழிற்சாலையின் பீதியை ஒற்றை ஆளாகத் தணித்ததைப் பற்றி மனதுக்குள் பேட்டி கொடுத்துக்கொண்டே வந்தேன். ஆங்கிலத்தில் கொடுத்தேன். நிருபர் வெளிநாட்டவர்.

மூன்று வாரம் போனது. ஒரு மதியம் நான் கப்பல் காகிதங்களில் தலையைக் கவிழ்த்திருந்தபோது, வாசலில் நின்று சண்முகத்தாய் அக்கா கேட்டார். "பாப்பா, இது செவந்தா என்ன அர்த்தம்னு சொன்ன?"

"கதிர் பட்டிருக்குன்னு அர்த்தம்க்கா" என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு எண் விட்டுப்போயிருந்தது, அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் நின்றாரா, போய்விட்டாரா என்றுகூடத் தெரியாது.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பதினாறு வருடத்தில் காய்ச்சலில்கூட இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுத்ததில்லை என்று முதலாளி ஆச்சரியப்பட்டார். மூன்றாம் நாள் காலையில் ஜாஸ்மின் அக்கா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"வெளிய சொல்லாத பாப்பா. அவ முழுகாம இருக்கா. மூணு மாசம் ஆகட்டும், அதுக்குப் பொறவு சொல்லலாம்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தா. போன தடவ ஊரெல்லாம் சொல்லிட்டுத்தான எல்லாம் போச்சு, அந்தப் பயம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். சந்தோஷமான செய்திக்கு ஏன் இவர் முகம் இப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"அவ பொட்டு மட்டும் செவந்துருச்சு. எங்க யாருதும் செவக்கல. ரெண்டு நாளா கவுந்தடிச்சுப் படுத்துக் கெடந்தா. கதிரு பட்ட பிள்ள கையில்லாம காலில்லாம பெறக்கும்னு டிவியில சொன்னானாம். இன்னைக்குப் பத்து மணிக்கு வில்லிபுத்தூருல பிரிஸ்கில்லா டாக்டரம்மாகிட்ட போறாக, ரெண்டு பேரும்." ஜாஸ்மின் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பிள்ள வேண்டாம்னு சொல்லத்தான்."

மேசைமேல் பொட்டு ரோல் இருந்தது. அதன் இடம் எப்போதும் ஜன்னல் பக்கம். வெளிச்சுற்றில் இருந்த பொட்டுகள் எல்லாம் ஆரஞ்சு நிறமாகியிருந்தன. அதை நான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சரக்கு என்று நினைத்துவிட்டு, உள்சுற்றிலிருந்து உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் ரோல் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துத் திருப்பினேன். அடியில் ஆங்கிலத்தில் இரண்டே வரி. வெயில் படாமல், சூடு இல்லாத இடத்தில் வைக்கவும். அந்தத் தொழிற்சாலையில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். படிப்பதற்காகவே எனக்குச் சம்பளம்.

கதிர் பாய்ச்சும் ஆலைக்குப் போன் செய்தேன். ஹரிப்ரசாத் என்ற பொறியாளர் எடுத்தார். வாக்கியம் அமைக்காமல் நான் பேசிய முதல் போன் அதுதான். நடந்ததை எல்லாம் கொட்டினேன்.

"ஆள் மேலயா ஒட்டினீங்க?" என்றார்.

"ஐடி கார்டுல."

"மேடம், ஆள் மேல படக்கூடாத அளவைவிட எத்தனையோ ஆயிரம் மடங்கு பட்டாத்தான் அந்தப் பொட்டு சிவக்கும். அவ்வளவு ஒருத்தர் மேல பட்டிருந்தா, சிவந்திருச்சுன்னு வந்து உங்ககிட்ட சொல்ல அவங்க இருக்க மாட்டாங்க. வெயில் பட்டிருக்கும். இன்னொண்ணு, அது மஞ்சளா இருந்தாலும் ஆள் விஷயத்தில ஒண்ணும் அர்த்தம் கிடையாது. பெட்டியில கதிர் தங்காது. விளக்கை அணைச்ச பிறகு அறையில வெளிச்சம் மிச்சம் இருக்குமா? அதைச் சொல்லியிருந்தாலே போதுமே?"

போதும்தான். போனை வைத்துவிட்டேன்.

ரோலையும் அட்டைப்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, ஜாஸ்மின் அக்காவை இழுத்துக்கொண்டு ஓடி பஸ் பிடித்தேன். மற்ற நாட்களில் நான் கவனிக்காமலே போய்விடும் அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அன்று எத்தனை வேகத்தடை என்று இன்றைக்கும் சொல்வேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கிழவர் மூட்டையோடு ஏறினார். பத்தே கால் ஆகிவிட்டது.

டாக்டர் வீட்டு முன்கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் ஓரத்து பெஞ்சில் சண்முகத்தாய் அக்கா. பக்கத்தில் பால்ச்சாமி, துண்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டு. டோக்கன் இன்னும் வரவில்லை. நான் அவர்கள்முன் போய் நின்றேன்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாது. தெரியாமலே சொல்லிட்டேன். அது வெயில்ல செவந்தது. அட்டையில எழுதியிருக்கு. நான் படிக்கல."

கூடம் முழுவதும் கேட்டது. இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது என்பது எனக்கே செய்தி. கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்து வசதியாகக் கேட்கத் தொடங்கினாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கண் இடுங்கிப் போயிருந்தது. "என்னத்த வெயிலு? உள்ள உக்காந்து மடிக்கிறவ மேல வெயிலு எங்கிட்டுப் படும்? இவளுக யாருக்கும் செவக்கல. எனக்கு மட்டும் பாத்துப் பட்டுச்சாக்கும்?"

அதற்குப் பதில் ஜாஸ்மின் அக்காவிடம் இருந்தது.

"ஏட்டி, மத்தியானம் நாங்க கருவாட்டுக் கொழம்பத் தொறந்தா நீ எந்திரிச்சு எங்க போற? துணி காயப்போடுற களத்துச் சொவத்துல போயி அந்த மொட்ட வெயில்ல உக்காந்துக்கிடுவல்ல? ஒரு மாசமா? சாமிக்கு வெரதம்னு எங்களுக்குக் கத வேற சொன்ன."

வாந்தி வருவதை மறைக்கத்தான் அந்த விரதம். பிள்ளையை மறைத்து வைக்கப் போன இடத்தில்தான் அந்தப் பொட்டு சிவந்திருக்கிறது. ஹரிப்ரசாத் சொன்னதையும், ஜன்னல் ஓரத்தில் ரோலின் வெளிச்சுற்று மட்டும் நிறம் மாறியிருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

பால்ச்சாமியின் கையில் துண்டு நின்றது. என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா தாயி?"

"செத்த இருங்க" என்றார் அக்கா. அழுதபடியேதான் சொன்னார், ஆனால் குரல் கடைசி மேசைக் குரல். "அன்னைக்கும் இவதான் ஒண்ணும் பயமில்லன்னு சொன்னா. இன்னைக்கும் இவதான் சொல்லுதா. நா எந்த நாள நம்ப?"

டோக்கன் வந்து எல்லோரும் உள்ளே போனோம். டாக்டர் பிரிஸ்கில்லா முழுக் கதையையும் கேட்டார். கதிர் பாய்ச்சிய பெட்டியைத் தொட்டதால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது என்று அவரும் சொன்னார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எந்தக் காலேஜ்மா?" என்றார். நான் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கல்லூரி என்ன பாவம் செய்தது? ஸ்கேனில் இதயத்துடிப்பு நன்றாக இருந்தது. "பத்து வாரம். முடிவு உங்களுடையது, ஆனா பயத்தில எடுக்காதீங்க. இன்னும் நாள் இருக்கு. ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் கையை நீட்டினார். "பதினஞ்சு பொட்டு எடுத்துக் குடு. உள்சுத்துல இருந்து."

கொடுத்தேன். ஐந்தைத் தேவதானத்தில் தன் வீட்டுத் தகரக் கூரைமேல் ஒரு பலகையில் ஒட்டினார். ஐந்தை அரிசி டிரம்முக்குள் ஒட்டி மூடினார். மீதி ஐந்தை ஜாஸ்மின் அக்காவிடம் தந்து, கதிர் பட்டுத் திரும்பி வந்த பெட்டி ஒன்றுக்குள் வைத்து, அதைக் கோடவுனின் இருட்டு மூலையில் வைக்கச் சொன்னார். மூன்றாவது ஐந்து எனக்குத் தோன்றவே தோன்றாது. மூன்று வருடம் ஆய்வகத்தில் நின்றவள் நான். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர்.

அந்த ஏழு நாளும் அட்டைப்பெட்டியின் அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் சொன்னது சரிதான் என்று தெரியும். ஆனால் முந்தைய முறையும் அப்படித்தான் தெரிந்தது. கோவிலுக்குப் போய் ஆண்டாள் முன்னால் நின்றேன். அவளிடமும் வாக்கியம் அமையவில்லை. பங்குனி முடிந்து சித்திரை பிறந்துவிட்டது, மேகமூட்டம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். இருபத்து மூன்று வயதில் வெயிலுக்காக வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

எட்டாம் நாள் காலை அக்கா வேலைக்கு வந்தார். பலகையையும் அரிசி டிரம் பொட்டுகள் ஒட்டிய அட்டையையும் கடைசி மேசையில் வைத்தார். ஜாஸ்மின் அக்கா கோடவுன் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். கூரைமேல் இருந்த ஐந்தும் சிவப்பு. டிரம்மில் இருந்தவை மஞ்சள். பெட்டிக்குள் இருந்தவையும் மஞ்சள். நாற்பது பேரும் சுற்றி நின்றார்கள். முதலாளி கதவருகே நின்றார்.

"அப்ப பெட்டி நல்லதுன்னு ஆயிருச்சு" என்றாள் ஒருத்தி.

"இல்லட்டி" என்றார் சண்முகத்தாய் அக்கா. "மஞ்சளா இருக்கதுக்கு ஒண்ணும் அர்த்தம் கெடையாதுன்னு அந்த இஞ்சினியரு சொல்லியிருக்காரு. பெட்டியப் பத்தி அவரு வந்து சொல்லட்டும், நாம கேப்போம். இது சொல்லுறது ஒண்ணே ஒண்ணு. எம் பொட்டச் செவக்க வச்சது வெயிலு." பிறகு வயிற்றின்மேல் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்கு மூணாவது மாசம். எவளாவது நாளைக்குக் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்திய, பாத்துக்கோங்க."

அங்கே எழுந்த கூச்சலில், லாரியை எடுக்க வந்த டிரைவர் விபத்து என்று நினைத்து உள்ளே ஓடி வந்தார். யாரோ என்னையும் கட்டிப்பிடித்தார்கள். அதற்கு நான் தகுதியில்லாதவள் என்று விலகுவதற்கான வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஹரிப்ரசாத் வந்தார். மடிப்பு மேசைக்காரர்கள் அவரை இரண்டு மணி நேரம் விடவில்லை. தெரிந்ததற்குப் பதில் சொன்னார், ஒரு கேள்விக்கு மட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கவில்லை. நான் மூலையில் நின்று அதைக் கவனித்தேன்.

ஐப்பசி மழையில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் அக்கா, பக்கத்தில் சின்ன மூட்டைபோல் பிள்ளை. பால்ச்சாமி வெளியே யாரிடமோ தொடர்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வருடத்து வார்த்தைகளை அன்றைக்கே செலவழித்துவிடுவார்போல் இருந்தது. அக்கா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்த பிறகும் ஒருமுறை எண்ணினார். காலுக்குப் போய், அங்கேயும் எண்ணினார்.

"இன்னும் எம்மேல கோபமாக்கா?" என்றேன்.

"இல்லாம? அந்த ரெண்டு நாளு நா படுத்துக் கெடந்தேனே, அதுக்கு இருக்கத்தான் செய்யும்." சொல்லிக்கொண்டே பிள்ளையை என் மடியில் வைத்தார். அது சூடாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

வெளியே வராந்தாவில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கூடங்குளத்தில் கடற்கரை மக்கள் பந்தலில் உட்கார்ந்து போராடும் செய்தி. பெண்கள்தான் அதிகம். சிலர் மடியில் பிள்ளை. அக்கா காது கொடுத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அது எப்படி பாப்பா? அதுக்குப் பயப்படணுமா, வேண்டாமா?"

பிள்ளை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தெரியலக்கா" என்றேன். "படிச்சுப் பாக்கணும்."

"படி" என்றார் அக்கா. "முழுசாப் படிச்சிட்டு வா. அந்தப் பந்தல்ல இருக்கவியளும் நம்மளப் போல கேக்குறவியதான்."